பெட்டி பிரிக்காத லாரி

விய்யூர் சிறை
12.06.2024

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி அருண்பாண்டி எழுதுவது.

நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும். போனில் கிடைக்கிற நேரம் நீ அழுவதற்கே போதவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். எனக்கு மலையாளம் எழுதத்தான் கை ஓடும். உனக்கு அதை வாசிக்க வராதே. அதனால் தமிழில் எழுதியிருக்கிறேன், பிழை இருந்தால் சிரிக்காதே.

மழை பிடித்துவிட்டது. மட்டாஞ்சேரியில் இந்த மாதம் சுவரே வியர்க்கும். நான் சேர்த்த சின்னப் பொம்மை வண்டிகள் இருக்கும் அலமாரியைச் சுவரை விட்டுத் தள்ளி வை. அட்டைப்பெட்டி நமுத்துப்போனால் அப்புறம் அந்த வண்டிக்கு மதிப்பே இல்லை. தீயணைப்பு வண்டியை ஜன்னல் பக்கம் வைக்காதே, பெயிண்ட் வெளுக்கும். ஆலுவாவிலிருந்து, இந்த வண்டிகளை வாங்கி விற்கிற வெங்கிடேஸ்வரன் அண்ணன் வந்து கேட்டால் திறந்து காட்டாதே. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளட்டும்.

வக்கீலிடம் ஒன்று கேள். அந்த நீல லாரி இன்னும் கோர்ட்டில் தொண்டிமுதல், சாட்சிப் பொருள் என்று கிடக்கிறது. கேஸ்தான் முடிந்துவிட்டதே, எப்போது திருப்பித் தருவார்கள்?

உன் தம்பி
அருண்பாண்டி


மட்டாஞ்சேரி
30.06.2024

என் அன்புத் தம்பிக்கு,

கடிதம் வந்தது. அலமாரியைத் தள்ளி வைத்துவிட்டேன். தனியாகத் தள்ள முடியாமல் பக்கத்து வீட்டு அம்மிணி வந்து கை கொடுத்தாள்.

எனக்கு அதே கார்ப்பரேஷன் வேலைதான். ஓடைத் தண்ணீரில் நின்று நின்று காலெல்லாம் சேற்றுப்புண். தீயணைப்பு வண்டிக்கு வெயில் ஆகாது என்று எழுதினாயே, அக்கா சாப்பிட்டாளா என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். போகட்டும்.

மஞ்சுஷாவைப் பார்க்காத நாளில்லை. புருஷன் பாண்டித்துரை செத்த பிறகு தோப்பும்படிக்கு இறால் உரிக்கப் போகிறாள். விரலெல்லாம் வெந்த மாதிரி வெளுத்திருக்கிறது. ரேஷன் கடையில் எனக்குப் பின்னால் நின்றால், நடுவில் இன்னோர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு நிற்கிறாள். பிள்ளை ஸாதனா ஒன்றாம் வகுப்புக்குப் போகிறது. நீ கேட்கவில்லை. நானாகத்தான் எழுதுகிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா
பாக்கியலக்ஷ்மி


விய்யூர் சிறை
19.07.2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் என்னைக் குற்றவாளி மாதிரியே பார்க்கிறாய். பாண்டித்துரையும் நானும் ஒன்றாக வண்டி சேர்க்க ஆரம்பித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமையானால் ஆலுவாவுக்கு ஒரே பஸ்ஸில் வண்டி பார்க்கப் போவோம். அந்த மூக்கு நீண்ட நீல லாரிக்காக நான் எத்தனை பேரைக் கெஞ்சியிருப்பேன் என்று அவனுக்குத் தெரியும். கைக்கு வந்த அன்றைக்கே, நான் சாயா வாங்கப் போன நேரத்தில், பெட்டியைக் கிழித்து லாரியைத் தரையில் ஓட்டிக்கொண்டிருந்தான். "என்னடா பண்ணினே?" என்றேன். "வண்டின்னா ஓடணும்டா, பொணம் மாதிரி பெட்டிக்குள்ளயா வைப்பாங்க?" என்று சிரித்தான். சிரித்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. தள்ளினேன். பின்னால் மாடிப்படி இருந்தது. கல்படி. அதற்கு நான் என்ன செய்ய?

பரோலுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். போலீஸ்காரர்கள் மஞ்சுஷாவிடம் எதிர்ப்பு உண்டா என்று கேட்பார்கள், உன்னிடமும் கேட்பார்கள். வீட்டில் ஏற்றுக்கொள்கிறேன் என்று நீ கையெழுத்துப் போட வேண்டும். மஞ்சுஷாவிடம் நீயே போய்ப் பேசு. ஓணத்துக்கு வந்தால் எல்லா வண்டியையும் என் கையாலேயே துடைத்து வைப்பேன்.

உன் தம்பி


மட்டாஞ்சேரி
04.08.2024

அன்புத் தம்பிக்கு,

போனேன். மஞ்சுஷா வீட்டு வாசலிலேயே நின்றேன். உள்ளே வா என்று அவள் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. விஷயத்தைச் சொன்னேன். பிள்ளையை உள்ளே அனுப்பினாள். பிறகு, "அந்த வண்டியை நான் பார்த்ததே இல்லைக்கா. எனக்குக் காட்டுறீங்களா?" என்றாள்.

கோர்ட்டில் இருக்கிறது என்றேன். "அதே மாதிரி ஒண்ணு?" என்றாள்.

கூட்டி வந்து அலமாரியைத் திறந்தேன். கோபப்படாதே. பெட்டியில் இல்லாமல் வெளியே நிற்கிற பச்சை லாரியைக் காட்டி, ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்றேன். எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். கையை மூடினாள். லாரி முழுசும் மறைந்துவிட்டது, தம்பி.

"இவ்வளவுதானா?" என்றாள்.

உடைத்துவிடுவாள் என்று நினைத்தேன். உடைத்தால் உடைக்கட்டும் என்றும் நினைத்தேன். அவள் இருந்த இடத்திலேயே திருப்பி வைத்துவிட்டு, குழாயில் போய்க் கையைக் கழுவினாள். இறால் நாற்றத்துக்குக்கூட அவள் அப்படித் தேய்த்துக் கழுவி நான் பார்த்ததில்லை.

"வரட்டும். நான் தடுக்கலை. தடுத்தா மட்டும் எங்க வீட்டுக்காரர் திரும்பி வரவா போறார்?" என்றாள். வாசல் தாண்டியவள் திரும்பி, "என்னைப் பத்தி, பிள்ளையைப் பத்தி, உங்க தம்பி ஒரு வார்த்தை கேட்டாரா?" என்றாள்.

கேட்டான் என்று சொல்லிவிட்டேன். ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறான் என்றேன்.

நான் சொன்ன பொய்யை நீ உண்மையாக்க வேண்டும். அவளுக்கு நாலு வரி எழுது. மன்னிப்புக்கூடக் கேட்க வேண்டாம். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று மட்டும் கேள். மலையாளத்திலேயே எழுது, அவள் வாசிப்பாள். உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

உன் அக்கா


விய்யூர் சிறை
14.08.2024

அக்காவுக்கு,

அவள் தடுக்கவில்லை என்றதும் இங்கே எல்லோரிடமும் சொன்னேன். உனக்குக் கோடி புண்ணியம்.

ஆனால் என்னைக் கேட்காமல் அலமாரியைத் திறந்தது தப்பு. பச்சை லாரியை ஈரக்கையோடு தொட்டாளா? கதவுப் பக்கம் பெயிண்ட் உரிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் வைத்துப் பார். அந்த மாதிரி இப்போது வருவதே இல்லை.

மஞ்சுஷாவுக்கு என்ன எழுதுவது? எழுதினால் போனவன் வந்துவிடுவானா? நேரில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம். நீல லாரி விஷயம் வக்கீலிடம் கேட்டாயா?

உன் தம்பி


மட்டாஞ்சேரி
29.08.2024

அருண்பாண்டிக்கு,

நேற்று ஸ்டேஷனிலிருந்து போலீஸ்காரர் வந்தார். மஞ்சுஷா வீட்டுக்குப் போய்விட்டுத்தான் இங்கே வந்தார். "அந்தப் பெண்ணுக்கு எதிர்ப்பு இல்லை சேச்சி. நீங்க கையெழுத்துப் போட்டா போதும், தம்பி ஓணத்துக்கு வீட்ல இருப்பான்" என்றார். சாயா போட்டுக் கொடுத்தேன். அவர் குடித்து முடிக்கிற வரைக்கும் பேனா என் கையில்தான் இருந்தது.

நம் வீட்டுக்கு வர அவள் வாசலைத் தாண்டித்தான் வர வேண்டும். நீ அலமாரியை நினைத்துக்கொண்டு வேகமாக வருவாய். வழியில் அப்படி ஒரு வீடு இருப்பதே உன் கண்ணில் படாது. அவள் வாசலில் நின்று பார்ப்பாள். நான் சொன்னதை நம்பி, நீ அவளிடம் ஏதாவது கேட்பாய் என்று நிற்பாள். அதை நினைத்ததும் கையெழுத்துப் போடக் கை வரவில்லை.

சாயங்காலம் அவளிடம் போய், அவன் கேட்கவே இல்லை, நான் சொன்னது பொய் என்றேன். "தெரியும்க்கா" என்றாள். உட்காரச் சொல்லி மணை போட்டாள்.

உன்னைச் சுமந்து வளர்த்தவள் நான். உன் பெயரைச் சொல்லாமல் சோறு இறங்காது எனக்கு. இருந்தாலும் மறைக்கக் கூடாது என்று எழுதுகிறேன். பரோல் கிடைக்கவில்லை என்று சொல்வார்கள். மஞ்சுஷா தடுத்துவிட்டாள் என்று நினைத்து அவளைத் திட்டாதே.

அவள் தடுக்கவில்லை. நான்தான் தடுத்தேன்.

பாக்கியலக்ஷ்மி