முட்டையும் புடலங்காயும்

தலத்தெரு நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

சைவமான உங்கள் வீட்டுக்கு நான் வாக்கப்பட்டு வந்த வாரம், நான் வைத்த மீன்குழம்பைச் சட்டியோடு தூக்கிக் கொல்லையில் எறிந்தாய். "இதத் தின்னா ஒடம்பு கெட்டுப்போவும் அண்ணி" என்றாய். அந்தச் சட்டி என் அம்மா கொடுத்தது. நான் மறக்கவில்லை.

இப்போது உடம்பில் சத்தே இல்லை, தினம் முட்டை சாப்பிடுங்கள் என்று டாக்டர் சொல்லியும் மாட்டேன் என்கிறாயாம். உன் மகள் போனில் அழுதாள். நான் சிரிப்பேன் என்றுதானே பயப்படுகிறாய்?

எப்படிச் சிரிப்பேன்? யூரிக் ஆசிட் ஏறிக் கால் வீங்கிக் கிடக்கிறேன். மீன், கறி எதுவும் கூடாதாம். இனி உங்கள் வீட்டுச் சாப்பாடுதான் எனக்கு. அதை ருசியாகச் சமைக்க எனக்கு வரவில்லை.

இங்கே போலகத்துக்கு, என் வீட்டுக்கு வா. உனக்கு நான் முட்டை அவிக்கிறேன், எனக்கு நீ புடலங்காய்க் கூட்டு வை. யாரிடமும் சொல்லமாட்டேன்.

வரும்போது ஒரு மண்சட்டி வாங்கி வா.

உன் அண்ணி