அம்மாவுக்கு முன்வரிசையில் ஒரு இடம்

ஸ்ரீராம்புரம்
5 ஜனவரி 2025

ஏ தாரணி,

நல்லா இருக்கியா? சந்தாபுராவுக்குக் குடி போனாலும் போன, ஆளே கண்ல படல. வாட்ஸ்அப் இருக்கறப்ப எதுக்குடி காகிதம்னு கேக்காத. கால் சென்டர்ல ஃபோனை லாக்கர்ல பூட்டிட்டு, நாள் பூரா சீட்டு எழுதித் தள்ளிக்கிட்டோமே, அந்தப் பழக்கம் இன்னும் போகல. முக்கியமானது எல்லாம் எனக்குக் கைலதான் வருது.

விஷயம் இதுதான். எனக்கும் விக்கிக்கும் கல்யாணம்! பிப்ரவரி ஒன்பது, ஞாயித்துக்கிழமை, எங்க தெரு முனை சமுதாய பவன்ல. எப்பவும் கேமராவும் கையுமாத் திரியறவ நீ, குரூப் போட்டோ நீதான் எடுக்கணும். ஸ்டுடியோக்காரங்க சகவாசமே வேணாம்.

ஏன்னு சொல்றேன். எங்க ரக்ஷிதா அக்கா கல்யாணத்தப்ப நீ உங்க ஊருக்குப் போயிருந்த. அன்னிக்கு வந்த ஸ்டுடியோக்காரன் எடுத்த குரூப் போட்டோல எல்லார் மூஞ்சியும் இருட்டு. அதைச் சரி பண்றேன்னு கம்ப்யூட்டர்ல போட்டு வெளுத்துக் குடுத்தான். அம்மாவுக்குச் சுண்ணாம்பே அடிச்சுட்டான். வெயில்ல தெரு கூட்டுன மூஞ்சிடி அது, எங்களுக்கெல்லாம் சோறு போட்ட மூஞ்சி. அம்மா ஆல்பத்தைப் பாத்துட்டு, “இது யாரோ, சந்திரம்மா இல்ல. நான் அந்தக் கல்யாணத்துக்கே போகாத மாதிரி இருக்கு”ன்னாங்க. பீரோல வெச்சுப் பூட்டினதுதான், அப்புறம் யார் கண்ணுலயும் காட்டல.

இப்ப என் கல்யாணத்துல, “நான் பந்தி பாத்துக்கறேன், போட்டோவுக்கு மட்டும் கூப்பிடாத”ங்கறாங்க. அம்மா இல்லாத குரூப் போட்டோ எனக்கெதுக்கு? அழுகையா வருது. ஏதாவது பண்ணு.

உன்னையே நம்பி இருக்கற,
மகா


சந்தாபுரா
10 ஜனவரி 2025

கல்யாணப் பொண்ணுக்கு,

அடி கள்ளி! லெட்டரைப் படிச்சதும் ஆபீஸ்லயே கத்திட்டேன். பக்கத்து சீட் க்ளென் டீயை மேல கொட்டிக்கிட்டான்.

அம்மா விஷயத்தை என்கிட்ட விடு. ரெண்டு ஃப்ளாஷ், ரெண்டு உயரமான ஸ்டாண்டு, ரெண்டு வெள்ளைக் குடை வாடகைக்குச் சொல்லிட்டேன். குடை மழைக்கு இல்ல தாயே, வெளிச்சம் முகத்துல அடிக்காம மெத்துனு விழறதுக்கு. ஸ்டாண்டு காலுக்கு மணல் மூட்டை நீங்க ரெடி பண்ணுங்க. இல்லன்னா உங்க தெருப் பசங்க ஓடிப் புடிச்சு விளையாடறதுல மாப்பிள்ளை தலைல சாயும். பின்வரிசைக்கு ரெண்டு பெஞ்சு, நான் ஏறி நிக்க ஒரு ஸ்டூல். அவ்வளவுதான்.

இன்னொரு வேலையும் முடிச்சுட்டேன். விக்கி என்னை உங்க கல்யாண வாட்ஸ்அப் குரூப்ல சேத்துவிட்டார் இல்ல? அதுல நேத்தே எழுதிட்டேன்: ‘போட்டோவுக்கு எல்லாரும் அரக்கு, கரும்பச்சை மாதிரி அழுத்தமான கலர்ல வாங்க. தயவுசெஞ்சு வெள்ளை வேண்டாம், கேமராவுக்கு ஆகாது.’ எப்படி என் முன்யோசனை?

பொங்கல் வாழ்த்துகள். அப்பா அம்மாவைக் கேட்டதாச் சொல்லு.

சந்தோஷத்துல குதிக்கற,
தாரணி


ஸ்ரீராம்புரம்
13 ஜனவரி 2025

தாரணி,

உன் முன்யோசனைல இடி விழ.

எங்க வீட்டுக் கல்யாணம் பௌத்த முறைல நடக்கும். பொண்ணு, மாப்பிள்ளை, ரெண்டு வீட்டுச் சனம், எல்லாரும் வெள்ளைதான் கட்டுவோம். விக்கியோட பெரியப்பா வெங்கடசாமி ஃபோன் பண்ணி, “யாரும்மா அந்தத் தாரணி? நம்ம கல்யாணத்துல நாம என்ன கட்டறதுன்னு அவங்க சொல்றதா?”ன்னு கேட்டாரு. ஒரே பேஜாராப் போச்சு.

எங்க வீட்ல உக்காந்து எத்தனை தடவ சாப்பிட்டிருக்க. ஹால்ல புத்தர் சிலை இருக்கு, அதுக்குக் கீழதான் உன் பையையே வெப்ப. ஒரு நாள் கூட எங்களைப் பத்திக் கேக்கத் தோணலியா? கோவம் இல்ல. இல்ல, கோவம்தான்.

அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? “பாத்தியா, கேமராவுக்கே நம்மள ஆகலையாம்.” இனி அவங்களை எப்படி நான் கூப்பிடுவேன்?

மகா


சந்தாபுரா
17 ஜனவரி 2025

என் மகாவுக்கு,

எத்தனை திட்டினாலும் தகும். எங்க திருப்பத்தூர்ப் பக்கம் கல்யாணத்துக்கு வெள்ளைப் புடவை கட்டிட்டுப் போனா வாசல்லயே நிறுத்திடுவாங்க. ஊரு உலகமெல்லாம் அப்படித்தான்னு இருந்துட்டேன். கேக்கத் தோணலியான்னு கேட்டியே, நிஜமாவே தோணலடி. அதுதான் வெக்கமா இருக்கு.

மெசேஜை அழிச்சுட்டேன். குரூப்லயே மன்னிப்பும் கேட்டேன், பெரியப்பாவுக்குத் தனியா ஃபோனும் பண்ணேன். “சரிம்மா, வந்து வயிறு நிறையச் சாப்பிடு”ன்னாரு. ரொம்ப நல்ல மனுஷன்.

அம்மாகிட்ட இதைப் படிச்சுக் காட்டு. அம்மா, குத்தம் உங்க மேல இல்ல, கேமரா மேல. கூட்டமா வெள்ளைத் துணியைப் பாத்தா, ஆட்டோமேட்டிக்ல விட்ட கேமரா வெளிச்சம் ஜாஸ்தின்னு நெனச்சு தானாவே குறைச்சுக்கும். துணி அழகா வரும், முகம் இருட்டாயிடும். அக்கா கல்யாணத்துல இதுதான் நடந்திருக்கணும். நான் ஆட்டோமேட்டிக்கை நிறுத்திட்டு, துணிக்கு இல்லாம முகத்துக்கு அளந்து வெளிச்சம் வெப்பேன். குடை ரெண்டையும் தள்ளி, உசரமா நிறுத்துவேன். கிட்ட வெச்சா ஓரத்துல நிக்கறவங்க பளபளன்னும் நடுவுல இருக்கறவங்க மங்கலாவும் வருவாங்க.

நேத்து சாயந்திரம் ஒத்திகையும் பாத்தாச்சு. க்ளெனையும் கூட வேலை பாக்கறவங்களையும் வெள்ளை பெட்ஷீட் போத்தி எங்க அபார்ட்மென்ட் மொட்டை மாடில வரிசையா நிக்க வெச்சேன். செக்யூரிட்டி ஜெயராமன் அண்ணன் படியேறி வந்து பாத்துட்டு, வந்த வேகத்துலயே எறங்கி ஓடிட்டாரு.

மன்னிச்சுட்டேன்னு ஒரு வரி எழுது. இல்லன்னா சோறு எறங்காது.

தாரணி


ஸ்ரீராம்புரம்
25 ஜனவரி 2025

தாரணி கழுதைக்கு,

ஜெயராமன் அண்ணன் ஓடின இடத்துல அம்மா வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சாங்க. அப்பவே நானும் உன்ன மன்னிச்சுட்டேன், போ. போய்ச் சாப்பிடு.

அம்மா முழுசாக் கேட்டாங்க. அப்புறம் ஒரு கண்டிஷன் போட்டாங்க. “எடுத்த உடனே எனக்குக் காட்டணும். நான் சரின்னு சொன்னாதான் அது போட்டோ. வீட்டுக்குப் போய் கம்ப்யூட்டர்ல யாரும் என் மூஞ்சியத் தொடக் கூடாது.” அப்ப வந்து நிப்பியாம்மான்னு கேட்டா, “பாக்கலாம்”ங்கறாங்க. அவங்க பாக்கலாம்னா பாதி சரின்னு அர்த்தமாம், அப்பா சொல்றாரு. மீதிப் பாதிக்கு நீதான் வழி பண்ணணும்.

உனக்கும் ஒரு வெள்ளைப் புடவை எடுத்திருக்காங்க, நீல பார்டர் போட்டது. ஸ்டூல் மேல ஏறணும், பின் குத்திக்க.

மகா


சந்தாபுரா
11 பிப்ரவரி 2025

திருமதி மகாவுக்கு,

விக்கி உன்ன நல்லா வெச்சுக்கறாரா? இல்லன்னா சொல்லு, ஸ்டாண்டு மணல் மூட்டையோட வரேன்.

நீ மாலையோட மேடைல சிரிச்சுட்டு நின்னியா, இங்க கேமராவாண்ட நடந்தது உனக்குத் தெரியாது. எல்லாரையும் நிறுத்தியாச்சு, முன்வரிசைல அப்பா பக்கத்து நாற்காலி மட்டும் காலி. நான் கூப்பிடவே இல்ல, ஸ்டூல் மேல சும்மா நின்னேன். அம்மா கை ஈரத்தைத் துடைச்சுக்கிட்டே பந்திலேர்ந்து வந்து உக்காந்தாங்க.

முகம் இருட்டாயிடுமோன்னு பயம். அளந்ததுக்கு மேலயே கொஞ்சம் ஃப்ளாஷைக் கூட்டிட்டேன். எடுத்ததும் அம்மா எழுந்து வந்து பாத்தாங்க. “நல்லாத்தான் இருக்கு. ஆனா வெளுப்பா இருக்கே கண்ணு. அவன் கம்ப்யூட்டர்ல வெளுத்தான், நீ லைட்லயே வெளுத்துட்ட.”

சுருக்குன்னு ஆயிடுச்சு மகா. நல்லது செய்யறேன்னு நானும் அதையேதான் செஞ்சிருக்கேன். ரெண்டு ஃப்ளாஷையும் குறைச்சேன். அதுக்குள்ள சனம் சாப்பாட்டுக்குக் கலைய ஆரம்பிச்சுது. அப்பதான் அம்மா ஒரு அதட்டு போட்டாங்களே, “யாரும் நகரக் கூடாது! இன்னும் போட்டோ ஆகல!”ன்னு? அது இதுக்குத்தான். பெரியப்பா கூட டக்குனு நேரா நின்னாரு.

ரெண்டாவது தடவ ரொம்ப நேரம் பாத்தாங்க. திரைல தன் முகத்துக்குப் பக்கத்துல விரலை வெச்சாங்க. “ம். சந்திரம்மாதான்”னாங்க. நான் புடவைத் தலைப்புல கண்ணத் துடைச்சுக்கிட்டேன்.

பிரிண்ட் இதோட வெச்சிருக்கேன். கம்ப்யூட்டர்ல யாரும் தொடல.

உங்க வீட்டுப் பொண்ணு,
தாரணி


ஸ்ரீராம்புரம்
16 பிப்ரவரி 2025

அன்புள்ள தாரணிக்கு,

விக்கி நல்லா வெச்சுக்கறான். மூட்டை இப்போதைக்கு வேணாம்.

போட்டோ ஸக்கத்தா வந்திருக்கு! பின்வரிசைப் பொடிசு மூக்கு கூடத் தெளிவா இருக்கு. ஃப்ரேம் போட்டு புத்தருக்குப் பக்கத்துல மாட்டியாச்சு. வர்றவங்க போறவங்களை எல்லாம் அம்மாவே கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போய்க் காட்டறாங்க. அப்பா, “என் மூஞ்சியையும் கொஞ்சம் பாருங்கப்பா”ன்னு பொலம்பறாரு.

நேத்து அம்மா பீரோவைத் திறந்து அக்கா ஆல்பத்தை வெளிய எடுத்தாங்க. அந்தக் குரூப் போட்டோவையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்துட்டே இருந்தாங்க. அப்புறம் அக்காவுக்கு ஃபோன் போட்டு, மாமாவோட அடுத்த ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிட்டாங்க, கல்யாணத் துணியக் கொண்டாரச் சொல்லி. பெரியப்பாவுக்கும் சொல்லியாச்சு. அக்கா பையனுக்கு வெள்ளை ஜிப்பா தைக்கக் குடுத்தாச்சு. பெஞ்சு, ஸ்டூல், மணல் மூட்டை எல்லாம் அப்பா பொறுப்பு.

எதுக்கும்மா இதெல்லாம்னு கேட்டேன்.

“ரக்ஷிதா கல்யாணத்துக்கு நான் இன்னும் போகலையே. தாரணிய லைட்டோட வரச் சொல்லு”ங்கறாங்க.

மகா