பைனாகுலர் வண்டியோடு போன நாள்

செப்டம்பர் 2

எல்க் மான் வேட்டை தொடங்க இன்னும் பதிமூன்று நாள். வேட்டை அனுமதிக் குலுக்கலில் என் பெயர் வர பதினோரு வருடம் பிடித்தது. அனுமதிச் சீட்டை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். பால் எடுக்கும்போதெல்லாம் படிக்கிறேன். "புருஷன் முகத்தை ஒருநாளாவது இப்படிப் பார்த்திருப்பியா?" என்கிறார் நெஸ்டர். இல்லைதான்.

சாயங்காலம் வயலில் சுட்டுப் பார்த்துத் துப்பாக்கியின் குறியைச் சரிசெய்தேன். குண்டெல்லாம் தீர்ந்து கிளம்பும்போது பாப்லர் மரங்களோரம் பழுப்பாக ஏதோ அசைந்தது. எல்க்கா? பைனாகுலர் நெஸ்டரின் வண்டியில், வண்டி டவுனில். துப்பாக்கியைத் தூக்கி, மேலிருக்கும் ஸ்கோப் வழியே பார்த்தேன். எல்க் இல்லை. பக்கத்துப் பண்ணை எல்மர், பழுப்புக் கோட்டில். முகத்துக்கு முன்னால் கறுப்பாக எதையோ பிடித்திருந்தான். அடுத்த நொடி குப்புற விழுந்தான். குடித்திருப்பான் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 3

ஐயோ. எல்மர் போலீஸில் புகார் கொடுத்துவிட்டான். நான் அவன்மேல் துப்பாக்கியை நீட்டினேனாம்! விசாரிக்க வந்த போலீஸ்காரி பெலாஞ்சர். ஆறு வருடம் முன்பு என் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்தவள்.

"அதுல குண்டே இல்லம்மா," என்றேன்.

"டீச்சர், குண்டு இருந்தாலும் இல்லாட்டியும் ஆள்மேல நீட்டினா கிரிமினல் குத்தம்னு சொல்லிக் குடுத்ததே நீங்கதான். அந்தக் கேள்வில எனக்கு ரெண்டு மார்க் வேற குறைச்சீங்க."

துப்பாக்கியை எடுத்துப் போய்விட்டாள். கேஸ் ஆனால் லைசென்ஸ் போச்சு, பத்தொன்பது வருட வகுப்பு போச்சு, எல்க்கும் போச்சு. ஸ்கோப்பை பைனாகுலராக்காதே என்று வருடாவருடம் தொண்டை கிழியக் கத்தினவள் நான்தானே? அன்னிக்கு மட்டும் என் புத்தி எங்க மேயப் போச்சு?

செப்டம்பர் 4

எல்மர் போனை எடுக்கவில்லை.

செப்டம்பர் 6

"நேர்ல போய் மன்னிப்பு கேட்டுடு," என்கிறார் நெஸ்டர். என்னைப் பார்த்தாலே குப்புற விழுகிறவனிடம் எப்படிக் கேட்பது?

செப்டம்பர் 9

பெலாஞ்சர் வந்து புகாரை வாசித்தாள். 'தொப்பியில் கிழிசல், இடது கட்டைவிரலில் பிளாஸ்டர், ஒரு கண்ணை மூடியிருந்தாள்.' எல்லாமே சரி. நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டேன்.

நெஸ்டர் வாய் நிறைய பெரோகிக் கொழுக்கட்டையோடு சொன்னார்: "அரை கிலோமீட்டர்லேர்ந்து பிளாஸ்டரைப் பார்த்தானா? எதிர்ல வர்ற என் டிராக்டரே அவன் கண்ணுக்குத் தெரியாதே!"

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அன்று அவன் முகத்துக்கு முன்னால் பிடித்திருந்த அந்தக் கறுப்பு! பெலாஞ்சர் உடனே எல்மருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"இவ்வளவு தெளிவா எப்படிப் பார்த்தீங்க?"

"எப்படின்னா? என் துப்பாக்கி ஸ்கோப்லதான்!" என்றான் பெருமையாக.

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது போல.

"அதுல... குண்டு இல்லம்மா."

நெஸ்டருக்குப் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

செப்டம்பர் 12

இரண்டு பேர்மீதும் கேஸ் இல்லை. எச்சரிக்கை மட்டும். ஆனால் இருவரும் பக்கத்து டவுனில் பாதுகாப்பு வகுப்புக்குப் போகவேண்டும்; அதுவரை துப்பாக்கிகள் போலீஸிடம்தான். இந்த வருடம் நான் பாடம் எடுக்கவும் கூடாது. வகுப்பு 27, 28. வேட்டைக்கெடு 26. அழுதேன். பதினோரு வருஷம்! அவனைச் சொல்லி என்ன, நானும்தானே நீட்டினேன்.

செப்டம்பர் 28

பரீட்சையில் எல்மர் என்னைப் பார்த்து எழுதினான்.

அக்டோபர் 2

காலையில் எல்மர் வந்தான். கையில் புது பைனாகுலர்.

"கெட்ட எண்ணத்துல புகார் குடுக்கல, மார்லீன். நிஜமாவே பயந்துட்டேன்."

"நீயும் என்மேல நீட்டினது தெரிஞ்சிருந்தா நானும் விழுந்திருப்பேன். வா, காபி குடி."

காபி ஊற்றும்போது ஜன்னலுக்கு வெளியே, பார்லி அறுத்த வயல் நடுவில், எல்க். பெரிய ஆண். கெடு முடிந்தது அதற்குத் தெரியும் போலிருக்கிறது. அவசரமே இல்லாமல் கால் மணி நேரம் மேய்ந்தது. பைனாகுலரைப் பிடுங்கிப் பார்த்தேன். கொம்பில் பனித்துளி கூடத் தெரிந்தது.

"போதும், குடு. நான் வாங்கினது," என்றான் எல்மர்.

நான் கொடுக்கவில்லை.