மந்திரியின் படகுக்காக ஏற்றிய தண்ணீர்

அன்பு மகன் பிரஜீஷுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம். மஸ்கட்டில் நீயும் நிமிஷாவும் சுகமாக இருக்கப் பகவதி துணை. சுகமில்லாதவர் உன் மாமனார் குஞ்ஞிக்கண்ணன் ஒருவர்தான், அந்தப் புண்ணியத்தில் எனக்கும் பங்குண்டு, அவர் போன் போட்டு அழுவதற்கு முன் என் வாயால் கேட்டுக்கொள்.

நம் ஆற்று மணல் திட்டில் பாலப்பூவன் ஆமை முட்டையிட்டிருக்கிறது. உலகத்திலேயே அருகிப்போன இனமாம், ஆராய்ச்சிக்காரர்கள் வந்து விழுந்து கும்பிடாத குறை. உடனே எங்கள் இக்கரைப் பஞ்சாயத்தும் உன் மாமனார் தலைவராக இருக்கும் அக்கரைப் பஞ்சாயத்தும் சேர்ந்து பாதுகாப்புக் குழு அமைப்பதென்று முடிவாயிற்று. மணல் லாரியைப் பிடிக்கச் சொன்னால் அந்தத் திட்டு யாருடையது என்றே இரண்டு பஞ்சாயத்துக்கும் தெரியாது, தொடங்கிவைக்க மந்திரி வருகிறார் என்றதும் இருவருக்கும் பாட்டன் சொத்தாகிவிட்டது. பலகையில் எவர் பெயர் முதலில் என்பதற்கே கூட்டத்துக்கு மேல் கூட்டம், கூட்டத்துக்குக் கூட்டம் டீயும் பழம்பொரியும். மந்திரி படகில் வந்தால்தான் அழகாம். படகு ஓடத் தண்ணீர் வேண்டுமே, உன் மாமனார் தடுப்பணை மதகை அடைக்கச் சொல்லிவிட்டார். தண்ணீர் ஏறி ஏறி முட்டைக்குழிக்கு ஒரு முழம் கீழே வந்து நின்றது. ஆமையைக் காப்பாற்றும் விழாவுக்காக ஆமை முட்டையையே முக்கிக் கொல்கிறீர்களே என்று ஓடினேன். மதகைத் திறக்கக் கூட்டுக் குழு தீர்மானம் போடணும் சம்பந்தி, அந்தக் குழுவையே மந்திரி வந்துதானே தொடங்கி வைக்கணும், அதுவரைக்கும் ஆமையைக் கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லுங்க என்று சிரித்தார் மகானுபாவர். வாயில்லா ஜீவன் நம் மண்ணை நம்பி இட்டுவிட்டுப் போயிருக்கிறது மகனே.

விழா அன்று விடிந்ததும் நானும் இன்னொருத்தியுமாகப் போய் மதகுச் சக்கரத்தைச் சுற்றித் திறந்துவிட்டோம். தண்ணீர் இறங்கியது, முட்டைகள் பிழைத்தன. மந்திரியின் படகு சேற்றில் உட்கார்ந்துகொண்டது, வெள்ளை வேட்டியோடு அவரைத் தூக்கிக் கரை சேர்த்தார்கள். சாயங்காலமே உன் மாமனார் போலீசில் புகார் கொடுத்தார், என் மேலும், பெயர் தெரியாத, கண்டால் அடையாளம் தெரியக்கூடிய வேறொரு பெண் மேலும். அணைக் காவல்காரன் பாவம், அவள் பெயரைச் சொல்லப் பயந்திருக்கிறான். ஸ்டேஷனுக்கு அவள் தானே நடந்து வந்தாள். உன் மாமியார் சாவித்திரிதான். இத்தனை வருஷமா தினம் பார்த்தும் என்னை அடையாளம் தெரியலையா உங்களுக்கு என்று அத்தனை போலீஸ்காரர் முன்னாலும் கேட்டாள். மனிதர் அங்கேயே புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். வெயிலில் அலையாதே, மோர் குடி. நிமிஷா தன் அம்மாவோடு பேச நம் வீட்டுக்கே போன் போடட்டும். குஞ்சுகள் ஆற்றில் இறங்கும்வரை அக்கரைக்குத் திரும்புவதில்லை என்று சாவித்திரி இங்கே வந்துவிட்டாள், மதகுச் சக்கரத்தின் கைப்பிடியையும் கழற்றி எடுத்துக்கொண்டு.

உன் அம்மா
கார்த்தியாயனி, நாலாம் வார்டு மெம்பர்