நனைக்காமல் வைத்திருந்த காளான்

2009 ஜூன் 14, ஞாயிறு

மழை, விட்டு விட்டு. காலை பஸ்ஸில் வண்டூர் கடற்கரை. அட்டைப்பூச்சிக்கு உப்பு எடுத்துக்கொண்டேன், குடையை மறந்துவிட்டேன். புத்திசாலி.

சுனாமியில் கடல் உள்ளே வந்த பக்கம் மரங்கள் இன்னும் செத்தபடியே நிற்கின்றன. மேட்டுப் பக்கம் மட்டும் பச்சை. அங்கே, ஈர இலைக் குப்பையில், உதிர்ந்த இலையின் நடு நரம்பு மேல் வரிசையாகக் குட்டிக் காளான்கள். தொப்பி மிளகளவு, செங்கல் நிறம். காம்பு தலைமுடி மாதிரி, கறுப்பு. முட்டி போட்டவள் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை. பார்த்ததுமே செல்வராஜின் காளான் என்றுதான் தோன்றியது.

படகுக்காரர் ஒருவர் நின்று வேடிக்கை பார்த்தார். "க்யா டூண்ட் ரஹே ஹோ, மேடம்? சோனா கிர் கயா?" தேடுவது விழுந்துபோன தங்கம் இல்லை என்று தலையாட்டினேன்.

இலையோடு டிபன் டப்பாவில். மதியச் சாப்பாடு இல்லை, டப்பா காளானுக்குப் போய்விட்டதால்.

ஜூன் 15, திங்கள்

விடாத மழை. இரண்டு வகுப்பு. மாணவிகள் பாதிப் பேர் வரவில்லை.

ராத்திரி முழுக்கக் கண்ணாடித் தகட்டில் கவிழ்த்து வைத்த தொப்பி நன்றாக ஸ்போர், அதாவது விதைத்தூள், உதிர்த்திருக்கிறது. வெள்ளை. மைக்ராஸ்கோப்பில் நீளம், ஒரு முனை தடித்து மறுமுனை கூம்பி. தொப்பித் தோலில் துடைப்ப செல்கள். (புத்தகத்திலேயே பெயர் அதுதான், பார்த்தாலும் துடைப்பம்தான்.)

பிரபு மதுரையிலிருந்து புதிதாக வந்த லெக்சரர். "எதுக்கு மேடம் இவ்ளோ டென்ஷன்?" என்றான். சொல்ல வேண்டியதாயிற்று.

செல்வராஜ் என் பக்கத்து மேஜை. 2004 தீபாவளி லீவில் மனைவி பூரணியின் வீட்டுக்கு, கச்சால் தீவுக்குப் போனவர், ரப்பர் இலை மேல் முளைத்த இந்தக் காளானை ஓர் உறையில் கொண்டுவந்தார். தொப்பிக்கு அடியில் இருக்கும் செவுள்கள் காம்பைத் தொடும் இடத்தில் இந்த ஜாதிக்கு ஒரு வளையம் இருக்க வேண்டும், இதில் இல்லை, ஆகவே புது இனமாக இருக்கலாம் என்றார். டிசம்பரில் மறுபடி குடும்பத்தோடு போனார். அலை வந்த காலை, பூரணியையும் குழந்தையையும் மேட்டில் ஏற்றிவிட்டு மாமனாரைக் கூட்டிவர இறங்கினார். இரண்டு பேருமே வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. காளான் முளைத்த இடம் இப்போது கடல்.

இரங்கல் கூட்டத்தில் அப்போதைய பிரின்சிபால் மைக் பிடித்து, இந்தக் காளானுக்கு செல்வராஜின் பெயர் சூட்டப்படும் என்று அறிவித்துவிட்டார். எல்லோரும் அழுதோம். பிரின்சிபால் டிரான்ஸ்பரில் மெயின்லேண்ட் போய்விட்டார். வேலை என் தலையில்.

பிரபு கேன்டீனுக்குக் கூட்டிப்போனான். டீ வாங்கிக் கொடுத்தான்.

ஜூன் 17, புதன்

அபர்டீன் பஜார். கத்திரிக்காய், பல்பு, கொசுவத்தி. வெங்காயம் கப்பல் வந்தால்தான் என்கிறார் கடைக்காரர். மெயின்லேண்டிலிருந்து எனக்கு வர வேண்டிய ஜெராக்ஸ் கட்டும் அதே கப்பலில்தான். சிலோன் காளான்கள் பற்றிய பழைய விவரிப்பு.

பூரணி எதிரே வந்தாள். ஸ்கூல் ஆபீஸில் வேலை பார்க்கிறாள், மெலிந்திருக்கிறாள்.

"மேடம், மக கிளாஸுல சொல்லிருச்சிங்க, அப்பா பேருல ஒரு காளான் இருக்குன்னு. டீச்சரு படம் கேக்குறாங்களாம். எப்பங்க வரும்?"

"பாத்துட்டிருக்கேன் பூரணி. சீக்கிரம் சொல்றேன்."

வண்டூரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. கொசுவத்தியைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

ஜூன் 20, சனி

கப்பல் வந்தது. ஜெராக்ஸ் ஓரங்களில் ஈரம், படிக்க முடிகிறது.

வண்டூர் காளானுக்கு வளையம் இருக்கிறது. ஸ்போர், துடைப்பம், நிறம் எல்லாம் சிலோன் விவரிப்போடு ஒத்துப்போகிறது. அப்படியானால் இது வேறு, செல்வராஜுடையது வேறு. அப்பாடா என்று இருந்தது. ஐந்து நிமிடம்.

பிறகுதான் உறைத்தது. கச்சால் காளானை யாருமே நனைத்துப் பார்த்ததில்லை. இருப்பது ஒரே உறை, நாலைந்து காளான். முளைத்த இடத்தில் லென்ஸ் இல்லை; கெட்டுவிடும் என்று பயந்து, செல்வராஜும் இங்கே வந்து காய்ந்தபடியே பார்த்தார், அதன் பிறகு நாங்களும் பூட்டியே வைத்திருந்தோம். காய்ந்தால் சுருங்கி, நனைத்தால் திரும்ப விரியும் ஜாதி இது. வளையம் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தால்?

உறையைத் திறந்தேன். செல்வராஜின் மடிப்பு தனி. ஓரங்களை உள்ளே தள்ளிக் கடைசி மடிப்பைச் சொருகியிருப்பார். ஒரு முறை பிரித்தால் எனக்குத் திரும்ப மடிக்க வராது. ஒன்றே ஒன்றை எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர். தொப்பி மெல்ல விரிந்தது. காம்பு நிமிர்ந்தது. நேற்று முளைத்ததைப் போல.

செவுள்களுக்கு நடுவே சின்ன வெள்ளை வளையம். இதுவும் அந்த சிலோன் காளான்தான்.

பிரபு லென்ஸில் பார்த்தான். "நனைக்காமலே இருந்திருக்கலாம் மேடம்" என்றான். பிறகு, "வளையத்த விட்டுட்டு எழுதிட்டா என்ன? யாரு வந்து பாக்கப் போறா?"

கோபம் வந்தது. அவன் மேல் இல்லை. நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 21, ஞாயிறு

வெயில், அதிசயமாக. துணி துவைத்தேன். வளையம் இல்லை என்று எழுதினால், செல்வராஜின் பெயர் ஒரு பொய்யின் மேல் உட்காரும். அந்த மனிதர் ஒரு தப்பான அளவைக்கூடப் பொறுக்க மாட்டார், சண்டைக்கே வருவார். எழுத மாட்டேன்.

ஜூன் 22, திங்கள்

சாயங்காலம் பூரணியின் குவார்ட்டர்ஸ். மகள் டியூஷன் போயிருந்தாள், நல்லதாயிற்று.

"அது ஏற்கெனவே பேர் வச்ச காளான்மா. புதுசு இல்ல."

"யாரு வச்சது?"

"ரொம்ப காலம் முன்னாடி. சிலோன்ல பாத்து எழுதியிருக்காங்க."

"சிலோன்லயா?" அவள் அப்பா சிலோன் மலைத் தோட்டத்திலிருந்துதான் கச்சாலின் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர். அதைச் சொல்வாள் என்று நினைத்தேன். சொல்லவில்லை. கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே, "இத்தன வருசமா பூட்டி வச்சிருந்துட்டு இப்ப சொல்றீங்களே மேடம். புள்ளைக்கி நா என்னான்னு சொல்லுவேன்?" என்றாள்.

டீ போடவில்லை அவள்.

ஜூன் 25, வியாழன்

மழை. விடைத்தாள். தலைவலி. பூரணி போன் எடுக்கவில்லை.

ஜூன் 28, ஞாயிறு

லேபில் தனியாக. காலை பதினொரு மணி இருக்கும், பூரணி வந்து வாசலில் நின்றாள், செருப்பைக் கழற்றிவிட்டு. லேபில் யாரும் கழற்றுவதில்லை.

"அவரு எடுத்தத ஒருக்கா பாக்கலாமுங்களா?"

உறையைக் கொடுத்தேன். மேலே செல்வராஜின் கையெழுத்து: கச்சால், ரப்பர் இலை மேல். விரலால் தடவினாள்.

"எங்க வீட்டுக்குப் பின்னாலங்க. விறகு பொறுக்குறப்ப நாந்தான் மொதல்ல பாத்தேன். இந்தாங்க ஒங்க காளான்னு காமிச்சேன். சின்னப் புள்ள கணக்கா குதிச்சாரு."

ஒன்றை நனைத்துக் காட்டினேன். லென்ஸ் வேண்டாம் என்றாள். குனிந்து வெறும் கண்ணால் பார்த்தாள். அது நிமிர்ந்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

"இப்பிடியே இருக்குமா மேடம்?"

"இல்லம்மா. அழுகிடும். திரும்பக் காய வைக்கணும்."

"அப்ப நா வெக்கிறேன்."

ஒற்றுத்தாளில் எடுத்து பல்புக்கு அடியில் வைத்தாள். சுருங்கி முடிகிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அடக்கம் செய்ய எதுவும் கிடைக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

உறையை மடிக்கப் போனேன், வழக்கம்போல வரவில்லை. என் கையிலிருந்து வாங்கினாள். ஓரங்களை உள்ளே தள்ளி, கடைசி மடிப்பைச் சொருகினாள். அதே மடிப்பு.

"செல்வராஜ் சொல்லிக் குடுத்தாரா?"

"அவருக்கு எங்கங்க மடிக்க வரும்? எல்லா ஒறையும் நா மடிச்சதுதான். அவரு மடிச்சா கப்பல்லயே அவுந்துரும்."

இத்தனை வருஷமாக அவருடைய மடிப்பு என்று நினைத்திருந்தேன்.

உறையில் ஒட்டப் புதுச் சீட்டு எடுத்தேன். இனத்தின் பெயர், சிலோனில் வைத்தது, முழுதாக எழுதினேன். சேகரித்தவர்கள் என்ற இடத்தில் க. செல்வராஜ் என்று எழுதிக் கமா போட்டேன். இனத்தின் பெயரை நாளைக்கு யாராவது மாற்றலாம், இந்த வரியை யாரும் மாற்றுவதில்லை என்று அவளிடம் சொன்னேன்.

"உன் இனிஷியல் என்ன பூரணி?"

சீட்டில் இருந்த அவர் பெயரைப் பார்த்தாள். "செ. போடுங்க மேடம்."