லெப்டொப்பைத் திறந்த வாரம்

3 நவம்பர் 2008, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. இவர் முதல் பஸ்ஸில் கொழும்புக்கு. மேசையில் இரண்டு பொட்டலம்: ஒன்றில் புது ரேம், மற்றதில் புது ஹார்ட் டிஸ்க். லெப்டொப் ஊர்கிறது. இவருடைய கட்டட வரைபடம் திறக்கக் கால் மணி நேரம்.

"டவுன் கடையில குடுத்து மாத்தி எடும். சனிக்கிழமை வரேக்க வேணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொடுக்குமுன் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று பார்த்தேன். சமாதான காலத்தில் கிளிநொச்சிக்கு இவருடைய அம்மாவை, மாமியைப் பார்க்கப் போனபோது எடுத்த படங்கள். மாமி, இவருடைய தம்பி, பின்னால் இயக்கத்தின் அலங்கார வளைவு, துவக்கோடு இயக்கக்காரர் நாலு பேர். தம்பி தோளிலும் ஒரு துவக்கு. அவர்களிடம் விளையாட்டுக்கு வாங்கி மாட்டியது. அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம்.

இன்றைக்கு யாராவது பார்த்தால்? போன மாதம் இரத்தோட்டை ரோட்டில் ஒருவரை ஆல்பத்தில் இருந்த படத்துக்காகத்தான் பொலிஸார் கொண்டுபோனார்களாம். இன்னும் வரவில்லை.

கடை வேண்டாம். நானே மாற்றுகிறேன்.

4 செவ்வாய்

ஸ்டாஃப் ரூம். கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் ஃபரீனா டீச்சரிடம் மெதுவாகக் கேட்டேன். படத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

"அழிச்சா போயிருமா டீச்சர்?"

"எங்க போறது? தெரிஞ்சவங்க திரும்ப எடுத்துருவாங்க. டிஸ்க்கையே ஒடச்சாத்தான் உண்டு." என் முகத்தைப் பார்த்தார். சின்ன ஸ்க்ரூ டிரைவர், விண்டோஸ் போட ஒரு சீடி, பழைய டிஸ்க்கை வயரில் இணைக்க ஒரு பெட்டி, எல்லாம் தந்தார்.

அவர் சொன்னது:
– முதலில் பேட்டரியைக் கழற்று.
– கை வைக்குமுன் இரும்பைத் தொடு. உடம்பில் கரண்ட் இருக்குமாம்.
– ஒரே நாளில் இரண்டையும் மாற்றாதே. ரேம் ஓடினால் பிறகு டிஸ்க்.

மாமியின் கடைசிப் போன் ஆகஸ்டில். சண்டை நெருங்கிய பிறகு ஒன்றுமில்லை. தம்பி எங்கே என்றும் தெரியாது.

5 புதன்

ஸ்கூல் விட்டு வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். ஏழு ஸ்க்ரூ. பழைய ரேம் சுலபமாக வந்தது. புதியதைச் சரித்து வைத்து அமுக்கினேன். பவர். திரை கறுப்பு. மூன்று 'பீப்'. திரும்பவும் மூன்று. இவருடைய வேலை முழுவதும் இதற்குள்ளே. கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துக் கேட்டில் தட்டு. செக்கிங். ஒரு சார்ஜன்ட், ஒரு இளம் கான்ஸ்டபிள். சார்ஜன்ட் வாசலிலேயே நின்று பொலிஸ் பதிவைப் பார்த்தார். நான் இங்கே பக்கத்தில் எல்கடுவையில் பிறந்தவள், அதற்குக் கேள்வி இல்லை. இவர் பிறந்தது யாழ்ப்பாணம். எங்கே வேலை, எப்போது வருவார், யார் யார் வந்துபோகிறார்கள். எனக்குச் சிங்களம் தண்ணீர் மாதிரி. இன்று ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தேன்.

கான்ஸ்டபிள் உள்ளே வந்து, கவிழ்ந்து கிடந்த லெப்டொப்பைப் பார்த்தார். என்ன இது என்றார். ரேம் மாற்றுகிறேன் என்றேன். நீங்களா என்று சிரித்தார். தொப்பியைக் கழற்றி வைத்து உட்கார்ந்தே விட்டார். கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவராம். "பயந்து பயந்து அமுக்கியிருக்கீங்க மிஸ்" என்று பெருவிரலால் ஓர் அழுத்து. 'டக்'. பவரை அழுத்தினார்.

பழைய டிஸ்க் உள்ளேயே இருக்கிறது. முருகா, வராமல் போகட்டும்.

வந்தது. ஐந்து நிமிடம் எடுக்கும் திரை, நான் இரண்டாம் முறை முருகனைக் கூப்பிடுமுன் வந்துவிட்டது. வேகத்தைக் காட்டுகிறேன் என்று ஒவ்வொன்றாகத் திறந்து மூடினார். அம்புக்குறி படங்கள் இருந்த ஃபோல்டரில் நின்றது. நல்லவேளை, முந்தைய நாளே அதற்கு ஒன்பதாம் வகுப்புக் கணக்கு என்று பெயர் போட்டிருந்தேன்.

"கணக்கா? ஐயோ, எனக்கு வேண்டாம்" என்று கையை எடுத்தார். வெளியே சார்ஜன்ட் கூப்பிட்டார். இந்த வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கிறது என்று புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனார்கள்.

எழுதியதுதான் பயம். திரும்ப வருவார்கள்.

6 வியாழன்

லீவு. ரோட்டில் ஜீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து ஜன்னல்.

புது டிஸ்க் போட்டாயிற்று. சீடி ஓடி முடிய மத்தியானம். பழையதைப் பெட்டியில் மாட்டி இவருடைய வேலையை எல்லாம் எடுத்தேன். பிறகு படங்கள். மாமி தனியாக நிற்கும் படம் ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றிலும் துவக்கோடு தம்பி. மாமி வாய்விட்டுச் சிரிக்கும் ஒரு படத்தை மட்டும் எடுத்து, வளைவு, துவக்கு, தம்பி, எல்லாவற்றையும் வெட்டினேன். மற்றதை எடுக்கவில்லை. இவரைக் கேட்கவும் இல்லை. போனில் எப்படிக் கேட்பது?

பின்னால் துணி துவைக்கும் கல்லில் சாக்கு சுற்றி வைத்து, சுத்தியலால் அடித்தேன். உள்ளே இரும்பு என்று நினைத்திருந்தேன். கண்ணாடி. ஒரே அடியில் பொடி. எல்லாம் கக்கூஸ் குழிக்குள்.

8 சனி

மழை விட்டிருக்கிறது. இவர் பகல் வந்தார். வரைபடம் உடனே திறந்தது. "கெட்டிக்காரி" என்றார். பிறகு, "படங்கள் எங்க?"

மாமியைக் காட்டினேன்.

"தம்பின்ர?"

"இல்லைங்க. டிஸ்க்க ஒடச்சிட்டேன்." செக்கிங் வந்ததைச் சொன்னேன். அழுதுகொண்டேதான் சொன்னேன். ஏசியிருந்தால் பரவாயில்லை. எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவிவிட்டு வந்தார். படத்தைப் பெரிதாக்கினார். மாமியின் தோளில் தம்பியின் நாலு விரல். வெட்டும்போது நான் கவனிக்கவில்லை.

"அதையும் வெட்டிடவா?"

"வேண்டாம். விரலைப் பாத்து ஆருக்குத் தெரியப்போகுது?"