வேறொருத்தியின் மொட்டை மாடி

ஜூன் 3, செவ்வாய்

இன்று ஆறு பேர். கடைசிப் பெண் கிளம்பியபோது மணி ஐந்தே முக்கால். அடி உதைக்குத் தப்பி வரும் பெண்களுக்கான இல்லம் இது. ஆலோசகர் ஒருவருக்கு ஐந்து பெண்களுக்கு மேல் கூடாது என்று விதி போட்டவள் நான். என் பெயருக்கு நேரே பதினான்கு. ஆலோசகர்களில் இளையவளான கட்டைமுடி இன்று பட்டியலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"உங்களுக்கு மட்டும் விதி கிடையாதா அக்கா?"

எனக்குப் பழகிவிட்டது என்றேன். பத்தொன்பது வருடம் ஆகிறது. பழகாமலா இருக்கும்?

அவளுக்கு என் மேல் மனத்தாங்கல். ஏப்ரலில் ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தபோது இவளும் சேர்ந்து அழுதுவிட்டாள். ஆறு வாரம் உடை அறைக்கு அனுப்பினேன். நன்கொடையாக வரும் துணிகளைப் பிரித்து மடித்து அடுக்கும் வேலை. நான் அதற்கு வைத்த பெயர் ஓய்வு. மற்றவர்கள் அந்த அறைக்கு வைத்திருக்கும் பெயர் ஜெயில். சமையல்காரம்மா வாய்தவறிச் சொன்னதால் எனக்குத் தெரியும்.

ஜூன் 4, புதன்

ஏழு பேர்.

ஜூன் 6, வெள்ளி

எழுதத்தான் வேண்டும்.

தையல்காரம்மா ஐந்து மாதமாக என்னிடம் மட்டுமே பேசுகிறவர். பத்தொன்பதாம் தேதி கோர்ட்டில் கணவருக்கு எதிராக வாக்குமூலம் கொடுக்க வேண்டும். அதற்குத் தயார்ப்படுத்த உட்கார்ந்தோம். நான் ஆரம்பித்தேன்: "அன்னைக்கு உங்களை மொட்டை மாடில விட்டுக் கதவைப் பூட்டினாரே, அங்கேருந்து சொல்லலாமா?"

என்னையே பார்த்தார்.

"அது நான் இல்ல மேடம்."

ஏதேதோ சொல்லிப் பூசி மெழுகப் பார்த்தேன். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்போ என் கதையும் இப்படித்தான் வேற யார்கிட்டயாவது போகுமா?"

மொட்டை மாடி டீச்சருடையது. போன வருடம் இங்கே இருந்தவர். ஒரு பகல் முழுக்க, உச்சி வெயிலில், காலில் செருப்பில்லாமல் நின்றவர். அவர் என்னை நம்பிச் சொன்னதை எடுத்து இன்னொருத்தியின் தலையில் கட்டிவிட்டேன்.

"கோர்ட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பின்னாலேயே ஓடினேனா? இல்லை. அடுத்தவர் வெளியே காத்திருந்தார். "வாங்க, உட்காருங்க" என்றேன். என்ன ஜென்மம் நான்?

ஜூன் 7, சனி

நான்கு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. வாக்குமூலம் கொடுக்காவிட்டால் வழக்கு நிற்காது. அந்த ஆள் திரும்ப அவர் வீட்டு வாசலில் வந்து நிற்பான். என் ஒரே ஒரு வாக்கியத்தால்.

ஜூன் 8, ஞாயிறு

தங்கை போன் செய்தாள். "என்னக்கா விசேஷம்?" "ஒண்ணுமில்ல." அவள் பையனுக்குப் பல் முளைத்த கதையைச் சொன்னாள். நான் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தேன். மூன்று நிமிடத்தில் முடிந்தது.

வீட்டில் பேச ஆளில்லை. ஆள் இருந்தாலும் பேசக்கூடிய விஷயம் இல்லை. இத்தனை வருடம் கேட்டதெல்லாம் எங்கே போயிருக்கும் என்று நினைத்தேன்? கழுவிய தட்டைப் போல மறுநாள் காலியாகிவிடும் என்றா? தனியாக இருக்கிறேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 9, திங்கள்

வாராந்திரக் கூட்டம். அந்த வாரம் செய்த தவறை எழுதும் தவறு நோட்டை எல்லோரும் அவரவர் பக்கம் திறந்து வாசிக்க வேண்டும். அதுவும் நான் கொண்டுவந்த முறைதான். சமையல்காரம்மா எழுத்துக்கூட்டி வாசித்தார்: "புதுசா வந்த குழந்தைகிட்ட உங்கப்பா எங்கன்னு கேட்டுட்டேன். குழந்தை பயந்து டிரெஸ்லயே ஒண்ணுக்குப் போயிடுச்சு. இனிமே கேக்க மாட்டேன்."

என் முறை வந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றேன்.

மூன்று வருடமாக அந்த நோட்டில் என் கையெழுத்தில் ஒரு வரிகூட இல்லை. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பழகிப்போயிருக்கிறார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் போனதும் எல்லோரையும் கூப்பிட்டேன். தவறு நோட்டில் என் பக்கத்தில் எழுதி, நின்றுகொண்டே வாசித்தேன். ஏழு வரி.

கட்டைமுடி குத்திக்காட்டுவாள் என்று நினைத்தேன். என் இடத்தில் இருந்தால் நான் குத்திக்காட்டியிருப்பேன். அவள் கேட்டது வேறு.

"சரியா தூங்கி எத்தனை நாளாச்சு அக்கா?"

அழுதுவிட்டேன். ஏழு பேருக்கு முன்னால், மூக்கு ஒழுக. அழுததற்காக ஒருத்தியை ஆறு வாரம் ஒதுக்கி வைத்தவள்.

பதினான்கு பேரையும் அவர்களைக் கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்கு மாற்றுவது, நான் ஆறு வாரம் உடை அறையில் இருப்பது என்று முடிவானது. "ஜெயில்ல ஃபேன் ஓடாது. மொதல்ல அத ரிப்பேர் பண்ணச் சொல்லுங்க, அப்புறம் உள்ள போங்க" என்றார் சமையல்காரம்மா. எல்லோரும் சிரித்தார்கள். ஆறு வாரம் அந்தப் புழுக்கத்தில் கட்டைமுடி இருந்திருக்கிறாள். நான் ஒரு நாளும் எட்டிப் பார்க்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

டீச்சருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"பேரு சொன்னீங்களா?"

"இல்ல."

"உங்ககிட்ட சொன்னதே என் தப்பு" என்று வைத்துவிட்டார். வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜூன் 13, வெள்ளி

குழந்தைச் சட்டை நாற்பது. ஜோடி இல்லாத காலுறை பதினொன்று.

ஜூன் 16, திங்கள்

கட்டைமுடி இரண்டு முறை தையல்காரம்மாவின் கடைக்குப் போயிருக்கிறாள். முதல் தடவை அவர் மிஷினை விட்டு நிமிரவே இல்லையாம். இன்று பேசியிருக்கிறார். இவளோடு உட்கார்ந்து தயாராகச் சம்மதம். நான் அந்தப் பக்கமே வரக் கூடாது. கோர்ட்டுக்குப் போவதைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று கேட்டாராம். ராத்திரியெல்லாம் அதே நினைப்பு என்றாராம்.

"அந்த மொட்டை மாடில நின்ன பொண்ணு இப்போ உயிரோட இருக்காளா?"

கட்டைமுடி பதில் சொல்லவில்லை. சொல்லும் உரிமை அவளுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அது டீச்சருடையது.

ஜூன் 17, செவ்வாய்

மத்தியானம் வரை போனைக் கையில் வைத்துக்கொண்டே துணி மடித்தேன். பிறகு கூப்பிட்டேன். மறுபடியும் திட்டு வாங்கத் தயாராகத்தான். ஒரு பெண் உங்களைப் பற்றி இப்படிக் கேட்கிறார், உங்களைக் கேட்காமல் நான் பதில் சொல்ல மாட்டேன் என்றேன்.

இந்தத் தடவை அவர் போனை வைக்கவில்லை.

"அவங்களும் கோர்ட்டுக்குப் போகணுமா?"

அதையும் நான் சொல்லக் கூடாது என்றேன். லேசாகச் சிரித்தார். "இப்பவாவது கத்துக்கிட்டீங்களே." பிறகு நிதானமாகச் சொன்னார்: "உயிரோட இருக்கேன்னு சொல்லுங்க. வீடு மாறிட்டேன். இந்த வீட்டு மொட்டை மாடி சாவி என்கிட்டதான் இருக்குன்னு சொல்லுங்க."

அப்படியே எழுதிக் கட்டைமுடியிடம் கொடுத்தேன். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

பத்தரைக்குக் கோர்ட்டுக்குள் போன தையல்காரம்மா ஒன்றே காலுக்கு வெளியே வந்தாராம். "எல்லாத்தையும் சொல்லிட்டாங்க அக்கா" என்று கட்டைமுடி போனில் சொன்னாள். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் அவள் உடை அறைக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"இப்போ நீங்க சொல்லுங்க."

ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினேன். இங்கே எழுத இன்று எதுவும் மிச்சமில்லை.